பின்னாடி ஒரு லாக்கர்

நிறுத்தி வைத்த வண்டி தானாக வளரும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அம்பக்காவும் நம்பவில்லை. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள், அந்த வண்டியை மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

அம்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தையல் ஃபேக்டரியில் செக்கிங் செக்‌ஷனில் அவளுக்கு வேலை. தைத்து வரும் சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடம், கறை பட்ட இடம், கோணலான காலர் எதுவானாலும் அதற்கு நேராக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நாள் முழுக்கக் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கண்ணை எங்கே கழற்றி வைப்பது? குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கீறல் விழுந்த இடத்தில் ஒரு அம்பு இருந்தது. குளியலறையில் ஒழுகும் குழாய்க்கு மேலே ஒரு அம்பு. ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த கணவனின் புருவத்தில் முதல் நரைமுடிக்கு நேராகவும் ஒட்டிவிட்டாள். மனுஷன் அதோடு வேலைக்குப் போய்விட்டு வந்தார், பாவம்.

அவருக்கு வேலை செல்ஃபோன் டவர்களில். கோபுரத்தில் ஏறுகிற வேலை இல்லை. ஒவ்வொரு டவருக்குக் கீழேயும் கரண்ட் போனால் ஓடுகிற ஜெனரேட்டர் இருக்குமே, அதற்கு டீசல் ஊற்றி, பேட்டரி மாற்றி, ஓட வைத்துப் பார்க்கிற ஒப்பந்தம். அதற்காக வாங்கியதுதான் பிக்கப். பேஸ் மாடல். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும், பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் இழுவை. சமவெளி டவர்களுக்கு அது தாராளம். ஆனால் குன்றின்மேல் ஒரு டவர் இருந்தது. தார் ரோடு முடிந்த பிறகு செம்மண் ஏற்றம். மேட்டு டவர் என்பார்கள்.

போன மழையில் அந்த ஏற்றத்தில் வண்டி பின்னாலேயே வழுக்கி, ஒரு பாறையில் முட்டி நின்றது. பாறை இல்லாவிட்டால் நேராகப் பள்ளம்தான். தலை முதல் கால் வரை சேறோடு நடந்து வந்து வாசலில் நின்ற மனுஷனைப் பார்த்ததும் அம்பக்கா ஓவென்று அழுதாள். அழுது முடித்ததும் தீர்ப்புச் சொன்னாள்.

"ஒண்ணு, மலை ஏறுற டாப் மாடல் வாங்குங்க. இல்லன்னா அந்த மேட்டு டவர் பக்கமே தலைவச்சுப் படுக்காதீங்க."

இருவரும் ஷோரூமுக்குப் போய்ப் பார்த்தார்கள். டாப் மாடல் ராஜா மாதிரி நின்றது. அவர் அதைச் சுற்றி வந்தார், குனிந்து அடியில் பார்த்தார், டயரைத் தட்டினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"பக்கத்துல ஒட்டியிருக்கற ஸ்டிக்கருக்கும், முன்னாடி தொங்கற செவப்புக் கொக்கிக்கும் சேத்துல்ல காசு கேக்கறான்! நமக்கெதுக்கு? நான் இனிமே மேல போகல. சத்தியமா போகல. விடு."

சத்தியம் என்று அவர் வாயில் வந்ததால் அவள் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்தது முட்டி வலி.

தினமும் காலையில் அவர்தான் அவளை ஃபேக்டரியில் இறக்கிவிடுவார். ஒருநாள் வண்டியில் ஏறக் கால் தூக்கினால், வழக்கமான இடத்தில் படி இல்லை. காலை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது. முட்டியில் சுருக்கென்று பிடித்தது.

"என்னங்க, வண்டி உசரமா இருக்கு?"

"வண்டி எப்படிம்மா உசரமாகும்? அதென்ன செடியா?" என்று சிரித்தார். "நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்கற. முட்டி தேஞ்சிருக்கும். வயசாகுதுல்ல?"

அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயங்காலமே ஒரு தைலம் வாங்கி வந்தார். தரையில் உட்கார்ந்து, அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். அன்றைக்கு மட்டும் இல்லை, தினமும். அம்பக்கா உருகிப் போனாள். ஃபேக்டரி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். "எந்தப் புருஷன் இப்படிக் காலப் புடிச்சு விடுவான், சொல்லுங்க பாப்போம்?" என்று ஒருத்தி விடாமல் கேட்டாள்.

பிறகு ஷெட்டில் கட்டியிருந்த துணிக்கொடி வண்டியின் கூரையில் உரசத் தொடங்கியது. "கொடி தொய்ஞ்சு போச்சு, இழுத்துக் கட்டு" என்றார். இழுத்துக் கட்டினாள். பிறகு கொழுகொழுவென்று முரட்டு டயர்கள் வந்தன. "ஆஃபர்ல கெடச்சுது" என்றார். ஆஃபர் என்ற வார்த்தைக்கு அவள் எப்போதுமே மயங்குவாள். சட்டையில் ஒரு நூல் பிசிறு தப்பாத கண்ணுக்கு, கண்முன்னால் நின்ற இவ்வளவு பெரிய வண்டி தப்பிவிட்டது. என்ன செய்வது, தைலம் தேய்க்கிற கையைச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்?

அந்த மனமும் ஒருநாள் வந்தது. கொல்லைப்புறம் துணி அலசிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் ஃபோனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். சத்தமாகப் பேசியிருந்தால் அவள் காதில் விழுந்திருக்காது. கிசுகிசுத்ததால் ஒரு சொல் விடாமல் விழுந்தது.

"லிஃப்ட் குடுத்தது அவளுக்கு இன்னும் தெரியாது... ஆமா, ரெண்டுதான். ரெண்டுக்கு மேல வேணாம், வண்டி ஆடும்... பின்னாடி ஒரு லாக்கர் போட்டுட்டா எனக்குக் கவலையே இல்ல... நீ வீட்ல மூச்சு விட்டுடாத. தெரிஞ்சுது, கொன்னே போட்டுருவா."

கையில் இருந்த துணி அப்படியே வாளிக்குள் விழுந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் காஜா அக்காவிடம் சொன்னாள். சட்டைக்குப் பட்டன் துளை போடும் காஜா மெஷினில் உட்காருகிறவள் அந்த அக்கா. துணியில் மட்டுமா துளை போடுவாள்?

"லிஃப்ட் குடுக்கறாராமா? யாருக்கு?"

"தெரியலக்கா. ரெண்டுன்னார்."

"ரெண்டு பேரா!" காஜா அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடியே விட்டாள். "ரெண்டு பேருக்கு மேல ஏத்துனா வண்டி ஆடுமாமா? அடப்பாவி மனுஷா! அப்ப அந்த லாக்கர்ல என்னத்த வைக்கப் போறாரு? யோசிச்சுப் பாரு. வீட்ல பீரோ இருக்கு. பேங்க் இருக்கு. அதெல்லாம் விட்டுட்டு வண்டிக்குப் பின்னாடி ஒருத்தர் லாக்கர் வச்சுக்கறாருன்னா?"

"அவரு அப்படிப்பட்டவரு இல்லக்கா. எனக்கு முட்டிக்குத் தைலம் தேச்சு விடறாரு."

"தப்புப் பண்றவன்தான்டி தைலம் தேய்ப்பான்."

அதைக் கேட்டு அம்பக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்தான். இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று நம்பிக்கையாக இருந்தது அந்த ஒரு மனுஷன்தான். அவரும் பிசிறு என்றால், எங்கே போய் அம்பு ஒட்டுவது?

அன்று முதல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கினாள். அவர் சட்டையை முகர்ந்தாள். டீசல் வாசனைதான் வந்தது. அது மற்ற வாசனையை மறைக்கப் பூசியதாக இருக்கலாம் என்று தோன்றியது. அவர் பாட்டு முணுமுணுத்தால் யாரை நினைத்து என்று யோசித்தாள், பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று யோசித்தாள். சாயங்காலம் தைலம் தேய்க்கும்போது அவருடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த மண்டைக்குள் என்ன ஓடுகிறது?

வார விடுமுறை வந்தது. முதல்நாள் ராத்திரி நல்ல மழை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அம்பக்கா ஷெட்டுக்குப் போனாள். வண்டியின் பின்புறம் முழுக்கத் துழாவினாள். டீசல் கேன்கள், கயிறு, மண்வெட்டி. லாக்கர் எதுவும் இல்லை. உள்ளே ஏறினாள். முட்டி சுருக்கென்றது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் முன்பு இல்லாத ஒரு சின்ன சுவிட்ச் இருந்தது. அதன்மேல் எழுத்தும் இல்லை, படமும் இல்லை. சீட்டுக்குப் பின்னால் பழைய போர்வை ஒன்று சுருட்டி வைத்திருந்தது. போர்வையை நீக்கினாள்.

கறுப்பாக, கனமாக, ஒரு பெட்டி.

அம்பக்கா சுற்றிலும் தடவிப் பார்த்தாள். பெட்டியில் சாவித் துவாரமே இல்லை. அப்படியானால் ரகசியப் பெட்டிதான். அதிலிருந்து ஒரு வயர் போனது. லாக்கருக்கு எதற்கு வயர்? அலாரம்! ஒரு மெல்லிய குழாய் வேறு போனது. அது எதற்கென்று புரியவில்லை, புரியாததாலேயே சந்தேகம் இன்னும் வலுத்தது. பெட்டியை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே எதுவும் உருளவில்லை. நெருக்கி அடைத்து வைத்திருந்தால் எப்படி உருளும்?

கையாலேயே திருகும் மரைகள்தான். கழற்றினாள். வயரை உருவினாள். குழாயைப் பிடுங்கினாள். பெட்டியைத் தன் பைக்குள் போட்டு, போர்வையைப் பழையபடி சுருட்டி வைத்துவிட்டு, அடுப்படியில் போய் ஒன்றும் தெரியாதவளாக நின்றுகொண்டாள்.

அவர் குளித்துவிட்டு வருவதற்குள் ஃபோன் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அவசரமாக உடுத்தினார். உயரமான ரப்பர் பூட்ஸை எடுத்தார்.

"கீழ டவர்ல ஒரு ஃபில்டர் மாத்தணும். மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்."

ஃபில்டர் மாற்ற ரப்பர் பூட்ஸ் எதற்கு? அவள் கேட்கவில்லை. அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பிப் போனது. போய் வா ராசா, திரும்பி வந்து பெட்டியைத் தேடுவாய் அல்லவா, அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவள் மனசுக்குள் ஒரு திட்டம் இருந்தது. தன் சேமிப்பைப் போட்டு டாப் மாடலைத் தானே வாங்கிவிடுவது. புது வண்டி வந்தால் பழையது எக்ஸ்சேஞ்சில் போய்விடும். பழையது போனால் லாக்கரும் போகும், லிஃப்ட் கேட்டு ஏறுகிற அந்த இரண்டு பேரும் போவார்கள். இவ்வளவு சுத்தமாக ஒரு குடும்பத்தைத் துடைக்க வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியை வீட்டில் விட பயமாக இருந்ததால் பையோடு தோளில் மாட்டிக்கொண்டே ஷோரூமுக்குப் போனாள்.

டை கட்டிய விற்பனையாளர் ஓடி வந்தார். அன்றைக்கு வந்துபோனது அவருக்கு ஞாபகம் இருந்தது.

"சார் வரலீங்களா மேடம்? பரவால்ல, நீங்க ஏறி உக்காந்து பாருங்க. அப்பறம் நீங்களே விட மாட்டீங்க."

டாப் மாடலில் ஏறக் காலைத் தூக்கினாள். முட்டி சுருக்கென்றது. அவள் முகம் சுளித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"முட்டியில தேய்மானம்," என்றாள். "எங்க வண்டியில ஏறவே கஷ்டமா இருக்கு."

"உங்க வண்டி பேஸ் மாடல்தான மேடம்? அது தாழ்வாச்சே. இதுதான் ரெண்டு இன்ச் உசரம். கம்பெனியே லிஃப்ட் குடுத்து வருது."

அம்பக்கா இறங்கினாள். "என்ன குடுத்து வருது?"

"லிஃப்ட், மேடம். ஸ்பிரிங்க மாத்தி வண்டியத் தூக்கி நிறுத்தறது. கல்லு, பள்ளத்துல அடி தட்டாது. ரெண்டு இன்ச்தான் அளவு. அதுக்கு மேல போனா வண்டி ஆடும்."

பக்கத்தில் அவர்களுடையதைப் போலவே ஒரு பேஸ் மாடல், வெள்ளையாக, விலைச் சீட்டோடு நின்றது. கதவைத் திறந்தாள். காலைத் தூக்கி வைத்தாள். ஏறி உட்கார்ந்தாள். இறங்கினாள். மறுபடியும் ஏறினாள். முட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

விற்பனையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த வாடிக்கையாளரும் டாப் மாடலை விட்டுவிட்டு பேஸ் மாடலில் ஏறி இறங்கி அவர் பார்த்ததில்லை.

"தம்பி," என்றாள். "லாக்கர்னு ஏதாவது இருக்கா?"

"சூப்பர் கேள்வி மேடம்! டாப் மாடலுக்கு உயிரே அதுதான். பின் சக்கரத்துல ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சுன்னா அது மட்டும் சும்மா சுத்தும், இன்னொண்ணு இழுக்காது. லாக்கர் சுவிட்சப் போட்டா ரெண்டும் பூட்டிக்கிட்டு ஒண்ணா இழுக்கும். இதுல கம்பெனியே உள்ள வச்சுருக்கு. வெளியில போடறவங்க காத்துல வேலை செய்யற மாதிரி போடுவாங்க. சீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன கம்ப்ரஸர், அதுலேர்ந்து ஒரு வயர், ஒரு குழாய்."

பையின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. விற்பனையாளரின் பார்வை அதற்குள் போனது. "அட, இதே மாதிரிதான்!" என்றார் சந்தோஷமாக.

"தார் ரோட்ல ஓட்டறவங்களுக்கு இது எதுக்கு?"

"தேவையே இல்ல மேடம். ஏத்தம், சேறு, மலைன்னு போறவங்களுக்குத்தான்."

அம்பக்காவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. லிஃப்டில் ஒருத்தியும் ஏறவில்லை. லாக்கரில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. மனுஷன் டாப் மாடலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது வேண்டாம் என்று சொல்ல இல்லை. அதில் உள்ளதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கமுக்கமாகத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சத்தியத்தைக் காற்றில் விட்டுவிட்டு, மேலே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார். இன்றைக்கும் போயிருக்கிறார். ராத்திரி பெய்த மழைச் சேற்றில், லாக்கர் இருக்கிறது என்ற நம்பிக்கையில்.

லாக்கர் அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு ஃபோன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும், மறுபடியும் போட்டாள். பிறகு அவருடைய சிநேகிதன் மெக்கானிக் ஸ்பேனருக்குப் போட்டாள். எந்நேரமும் காதுக்குப் பின்னால் ஸ்பேனர் செருகியிருப்பதால் அந்தப் பெயர்.

"ஸ்பேனரு, மறைக்காம சொல்லு. அவரு எங்க?"

"அது... அண்ணி... கீழ டவர்ல..."

"பொய் சொன்ன, உன் பட்டறைக்கே வந்து நிப்பேன்!"

"மேட்டு டவர் அணைஞ்சு போச்சு அண்ணி. அதான் அந்தப் பக்கம் சிக்னலே இல்ல. அத ஓட விடத்தான் போயிருக்காரு. பயப்படாதீங்க, லாக்கர் போட்டுக் குடுத்துருக்கேன். அது இருக்கறவரைக்கும் வழுக்காது."

"அது இல்லன்னா?"

"இல்லாம அந்தத் திருப்பத்துல ஏறவே முடியாது. பின்னால வந்துரும். ஏன் கேக்கறீங்க?"

அவள் சொன்னாள். ஸ்பேனர், "ஐயோ அண்ணி!" என்றான். "நான் கயிறு எடுத்துக்கிட்டு வரேன்" என்று ஃபோனை வைத்தான்.

அம்பக்கா திரும்பினாள். "தம்பி, டெஸ்ட் டிரைவ் குடுப்பீங்கல்ல?"

"எங்க வேணா போலாம் மேடம்!"

"அப்ப மேட்டு டவருக்கு விடுங்க."

பாவம், அந்த மனிதர் நல்லவர்தான். வழியெல்லாம் சீட்டின் சொகுசு, ஸ்பீக்கரின் சத்தம் என்று விளக்கிக்கொண்டே ஓட்டினார். அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்ததும் விளக்கத்தை நிறுத்தி, வேகத்தைக் கூட்டினார். குன்றைச் சுற்றித் தார் ரோடு முடிந்தது. செம்மண் தொடங்கும் இடத்தில் ராஜா வண்டி நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"கம்பெனி ரூல் மேடம். டெஸ்ட் டிரைவ் தார் ரோடு வரைக்கும்தான்."

"மலை ஏறுற வண்டின்னீங்களே!"

"ஏறும் மேடம். வாங்கினதுக்கு அப்பறம் ஏறும்."

திட்டுவதற்கு நேரம் இல்லை. இறங்கி நடந்தாள். சேறு கணுக்கால் வரை இழுத்தது. செருப்பு ஒன்று போயிற்று, இன்னொன்றை அவளே உதறிவிட்டாள். பெட்டியின் கனம் தோளை அறுத்தது. முட்டி மட்டும் ஒரு வலியும் இல்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது. அதைக் கவனித்தபோது இன்னும் அழுகை வந்தது. நானே என் கையால் பிடுங்கினேனே, என் கையால் அனுப்பி வைத்தேனே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினாள்.

திருப்பத்தில் வண்டி தெரிந்தது. குறுக்காக நின்றது. பின் சக்கரம் ஒன்று விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் இருந்தது. முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து நிறுத்தியிருந்தது. ஓட்டுகிற இடத்தில் ஆள் இல்லை.

"ஏங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் புதருக்குள் இருந்த பறவைகள் எழும்பின.

வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் எழுந்து வந்தார். கையில் இன்னொரு கல். நெற்றியில் ஒரு கீறல். மற்றபடி முழுசாக இருந்தார். அவளைப் பார்த்ததும் கல்லை நழுவவிட்டார்.

"நீ எப்படி இங்க?"

"நீங்க எப்படி இங்க?"

மாட்டிக்கொண்ட எல்லா ஆம்பளைகளையும் போல, அவரும் பழியைப் போட வேறொரு ஆளைத் தேடினார்.

"அந்த ஸ்பேனர் பய பண்ணின வேலை! ஒரு சாமான் போட்டான். நேத்து பட்டறையில விட்டப்ப கழட்டி வேற எவனுக்கோ மாட்டிட்டான். சுவிட்சப் போடறேன், சின்ன சத்தம்கூட வரல. இன்னியோட அவன் சங்காத்தமே வேணாம். திருட்டுப் பய! இனி அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

அம்பக்கா பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். "நீயா? ஏன் கழட்டின?"

"லாக்கர்னு சொன்னீங்க. உள்ள என்ன வச்சுருக்கீங்கன்னு பாக்க." அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள நான் கொன்னுருப்பேன். தெரியுமா? நானே கொன்னுருப்பேன்."

அவர் பெட்டியை வாங்கிப் போய் மாட்டினார். குழாயைச் செருகினார், வயரைச் சேர்த்தார். சுவிட்சைப் போட்டதும் கம்ப்ரஸர் முனகியது, பின்னாலிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. மெதுவாக முடுக்கினார். மண்ணில் இருந்த சக்கரம் பிடித்து இழுக்க, அந்தரத்தில் தொங்கிய சக்கரம் விளிம்பைக் கடித்துக்கொண்டு ஏறி வந்தது.

"பாத்தியா?" என்றார் அவர், தன்னை மறந்து. "டாப் மாடல்ல இருக்கற எல்லாமே இதுலயும் இருக்கு."

"அதையே வாங்கியிருக்கலாம்ல?"

"அத வாங்கியிருந்தா நான் மேல போறது உனக்குத் தெரிஞ்சிருக்கும்." தலையைக் குனிந்துகொண்டார். "மேட்டு டவர விட்டா மத்த டவரையும் சேத்துப் புடுங்கிருவோம்னுட்டாங்க கம்பெனில. உங்கிட்ட சொன்னா போக விட மாட்ட. சொல்லாமலே பத்திரமா போயிட்டு வந்துரலாம்னு நெனச்சேன்."

அந்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. மேலே போய்த்தான் திரும்ப வேண்டும். அவள் வண்டியில் ஏறக் கால் தூக்கினாள். தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தாள்.

"இது எப்ப ஏத்தினது? இந்த ரெண்டு இன்ச்?"

"மழை முடிஞ்சப்ப."

"தைலம் எப்ப வாங்கினீங்க?"

அவர் கண்ணாடியைச் சுற்றி இறக்கினார். பிறகு ஏற்றினார்.

"மலைக்குப் போனீங்க. சரி, அது பொழப்பு," என்றாள் அம்பக்கா. "எங்கிட்ட மறைச்சீங்க. நானும் உங்கள என்னென்னமோ நெனச்சேன், அதுக்கு நான் அழணும். ஆனா என் முட்டியில ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே தினம் உக்காந்து தேச்சீங்களே. எனக்கு வயசாயிடுச்சுன்னு நான் நம்பிட்டேன். கண்ணாடில பாத்துக்கூட நம்பிட்டேன். எப்படிங்க மனசு வந்துச்சு?"

"குத்தமா இருந்துச்சும்மா," என்றார். "அதான் தெனம் தேச்சேன்."

மேலே போய்ச் சேர்ந்தார்கள். டவருக்குக் கீழே அவர் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டினார். அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து காலில் காய்ந்த சேற்றைச் சுரண்டினாள். கடைசியில் அது இருமி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. டவரில் விளக்கு எரிந்தது. சிக்னல் வந்ததும் அவருடைய ஃபோன் அலறத் தொடங்கியது. அவள் அழைத்து அழைத்துக் கிடைக்காமல் போன அழைப்புகளுக்கான செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. அவர் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

கயிறு வேண்டாம் என்று அவள் ஸ்பேனருக்குத் தகவல் சொன்னாள். அவளுடைய ஃபோனிலும் ஒரு செய்தி வந்தது. காஜா அக்கா. "லாக்கரக் கண்டுபுடிச்சியா? உள்ள என்னடி இருந்துச்சு?"

"காத்துதான்க்கா" என்று எழுதி அனுப்பினாள்.

இறங்கும் நேரம் வந்தது. அவர் சுற்றி வந்து கதவைத் திறந்து, இத்தனை நாள் பழக்கத்தில் அவள் ஏறப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். அம்பக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்காமல், கதவைப் பற்றித் தானாக ஏறி உட்கார்ந்தாள்.

"வலிக்குதா?" என்றார் வாய் தவறி.

"இல்ல," என்றாள். "இனிமே அதக் கேக்காதீங்க."